பெட்டிக்குள் போன புத்தகம்

சாவு வீட்டில் சவப்பெட்டிக்குள் கையை விட்டுப் பொருள் எடுத்தவர் என்று எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் ஒருவரைத்தான் சொல்வார்கள். அவர் என் சித்தி. அதற்குக் காரணம் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத வயது.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போன பிள்ளைக்காம்பரா பாழாய்க் கிடந்தது. சித்தி அதைக் கழுவிவிட்டு ஒரு நூலகம் நடத்தினார். அங்கே ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது, நூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்க நூலகர் ஒருவரைப் பற்றி. நூலகத்துக்கு நடந்து வர முடியாத குடியானவர்களுக்காக அந்த அம்மையார் குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றி மலைப்பாதையில் அனுப்பினாராம். ரயில் மோதி வண்டி சுக்குநூறானது. அதற்கும் அசரவில்லை, அடுத்ததாக மோட்டார் வண்டியே பிடித்துவிட்டார். கல்யாணம் மட்டும் கட்டவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே என் அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டால் ஆகாது, ஏனென்றால் சித்திக்கும் முப்பது தாண்டியிருந்தது.

பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்கா ஒருவர் அதை மட்டும்தான் திரும்பத் திரும்ப எடுப்பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கொழுந்துக்குப் போனவர். நோட்டில் தேதி எழுதுவது என் வேலை என்பதால் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மலையில் குளவி கொட்டி அந்த அக்கா செத்துப்போனார். காலையில் கூடையோடு போனவர் மறுநாள் பெட்டியில் வந்தார். செத்தவர்கள் ஆசையாய் வைத்திருந்ததைக் கூடவே வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். கிழவர்களோடு வெற்றிலைப் பை போகும். அக்காவின் தலையணைக்கு அடியில் கிடந்த புத்தகத்தை, எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய அம்மா எடுத்து மகளின் கைக்குள் செருகியிருந்தார்.

நான் பார்த்துவிட்டேன். சித்தியின் சேலையை இழுத்து, அது நம் நூலகத்துப் புத்தகம், தேதியும் முடிந்துவிட்டது என்றேன். காதுக்குள் சொல்வதாகத்தான் நினைப்பு. ஒப்பாரி கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம், எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

சித்தி என்னை அறைவார் என்று நினைத்தேன். அவரோ நேரே போய்ப் பெட்டிக்குள் குனிந்து, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் புத்தகத்தை எடுத்தார்.

"எம்புள்ளையோடது அது. திரும்ப வச்சிரு தங்கச்சி," என்றார் அக்காவின் அம்மா.

"மண்ணுக்குள்ள போனா யாருக்குமே இல்லாமப் போயிரும்க்கா," என்றார் சித்தி. அவ்வளவுதான். புத்தகத்தை அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்னால் யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள்.

அதன் பிறகு ஒரு குஞ்சுகூட நூலகப் பக்கம் வரவில்லை. அம்மா சித்தியோடு பேச்சை நிறுத்திவிட்டார். நானும் அவர் கையால் சோறு வாங்கவில்லை. பிணத்தின் கையிலிருந்து பிடுங்கிய கை அல்லவா, எப்படி இறங்கும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அக்காவின் அம்மா கொழுந்துக் கூடையோடு வந்து நூலக வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் பார்த்தேன். அவர் கூடையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"அப்படி என்னத்ததான் படிச்சா அவ? கொஞ்சம் படிச்சுக் காட்டு."

சித்தி புத்தகத்தை விரித்தார். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, நீயே படி என்று என்னிடம் நீட்டினார்.

பாவம், பதினாறு நாளாக அழுதிருக்கிறார், கொஞ்சம் சிரிக்க வைப்போம் என்று நான் வேடிக்கையான பக்கமாகத் தேடிப் பிடித்தேன். புத்தக வண்டியைப் பிண வண்டி என்று நினைத்துவிட்ட ஒரு வீட்டுக்காரர், எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, இங்கே நிற்காதே, போ என்று விரட்டிய கதை அது. பேச்சுப் போட்டிக் குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

"அந்த எடத்த இன்னொருக்கா படி பாப்பா," என்றார் அவர்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாக்கும் என்று எனக்கு ஒரே பெருமை. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று, முன்னைவிடச் சத்தமாக வாசித்தேன்.