பத்துக்கு ஒன்பது

எங்கள் மாடிக் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘ரேஸ் மாமா’ என்று பெயர். மனைவி போய்ச் சேர்ந்த மறு வருடம், ஐம்பத்திரண்டு வயதில், குனிந்து ஓட்டும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியவர். இடுப்பு ஒத்துழைக்காததால் அதிகம் ஓட்டுவதில்லை. ஆனால் சர்வீஸுக்கு விடுவது மட்டும் ஒரு தடவைகூடத் தவறாது.

சர்வீஸ் முடிந்த மறுநாள் ஷோரூமிலிருந்து ஒரு பெண் போன் செய்து, பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் என்று கேட்பாள். இவர் எப்போதும் ஒன்பது என்பார்.

“வண்டி நல்லாத்தானே ஓடுது மாமா? பத்து குடுத்துத் தொலைங்களேன். அந்தப் பொண்ணு வேலைக்கு ஏன் உலை வைக்கிறீங்க?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“பத்து குடுத்தா தேங்க்ஸ் சொல்லி வெச்சுடுவாங்க. ஒன்பது குடுத்தா, என்ன குறைன்னு மேனேஜரே கூப்பிட்டு அஞ்சு நிமிஷம் பேசுவாருப்பா.”

போன வாரம் அந்த போன் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இந்தத் தடவை பேசியது பதிவு செய்த குரல். மார்க்கை எண்ணில் அழுத்தச் சொன்னது. அவர் ஒன்பதை அழுத்தினார். நன்றி சொல்லிவிட்டு அதுவே துண்டித்துக்கொண்டது.

அவர் போனைக் கீழே வைக்கவில்லை. மேனேஜரிடம் பேசுவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.