தீப்பெட்டியில் வந்த புழுக்கள்

பூச்சிமருந்துக் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: அங்கே யாரும் வெறுங்கையோடு வருவதில்லை, மடியில் ஒரு தீப்பெட்டி இருக்கும், அதற்குள் ஏதாவது நெளிந்துகொண்டிருக்கும். பெட்டியைத் தள்ளித் திறந்து, "இதுக்கு மருந்து குடு" என்பார்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்று பிறர் துயரத்துக்கு விலை சொன்ன எல்லோரும் எனக்கு உறவுதான். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். புதுவாயல் கூட்டுரோட்டில் உரமும் மருந்தும் விற்கும் கடை. முதலாளியை எல்லோரும் நைனா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். விலங்கியல் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அந்தச் சாலையில் வேறு வேலை இருக்கவில்லை. படித்தவள் என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். நான் ஊசி போடாததால் டீச்சரம்மா ஆனேன்.

புழு எங்கே?

நைனா வெளியூர் போயிருந்தபோது ஏழுமலை என்ற விவசாயி தன் எலுமிச்சை மரத்துப் பச்சைப்புழு ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்து, அவர் வந்ததும் காட்டச் சொல்லிவிட்டுப் போனார். சில நாள் கழித்து ஏழுமலை திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் புழு இல்லை. மெல்லிய நூலில் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சுருண்ட இலைத்துண்டு போல ஒரு கூட்டுப்புழு சாய்ந்திருந்தது. "இது அதேதாங்க" என்றேன். "உசுரோட புழு குட்த்துட்டுப் போனேன், நீ கொட்டையக் காட்டறியே!" என்று பெட்டியை என்னிடமே எறிந்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது, அந்தக் கூடு பிளந்தது. ஈரம் காயாத ஒரு வண்ணத்துப்பூச்சி பெட்டியிலிருந்து மெல்ல ஏறி, மண்டையோட்டுப் படம் அச்சடித்த மருந்து டப்பாவின்மேல் உட்கார்ந்து சிறகை விரித்தது. உரம் வாங்க வந்திருந்த ஏழுமலை எட்டிப் பார்த்துச் சொன்னார். "நைனா, உன் மருந்து மேலயே குந்திக்கினு ரெக்கய காய வெக்குது. அதுக்கே பயமில்ல, நான் இன்னாத்த நம்பி வாங்கறது?"

விளக்குக்கு வந்த அம்மன்

கன்னியம்மா கொண்டுவந்தது தீப்பெட்டி அல்ல, வேரோடு பிடுங்கிய ஒரு கட்டு நெற்கதிர். எல்லாம் வெளுத்து, மணியே இல்லாமல் நிமிர்ந்து நின்றன. புருஷன் இறந்தபிறகு அவள் ஒருத்தியாகத்தான் அந்த நிலத்தைப் பயிரிட்டாள். ஆடி மாதத்தில் பெரியபாளையம் கோயில் வாசலில் வேப்பிலை விற்பாள். நிலம் அவளுக்கும் புருஷனுடைய அண்ணன் வரதனுக்கும் பொது. தொழிற்சாலைக்கு நிலம் பிடிக்கும் தரகர் ஒருவர் வரதனைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அடுத்த போகமும் வெள்ளையாப் போச்சுன்னா வித்துடணும்னு மாமா சொல்லிட்டாரு. நானும் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

ஒரு நெல்தாளின் தண்டைப் பிளந்து உள்ளே இருந்த புழுவைக் காட்டினேன். கதிர் வெளுத்தபின் மருந்தால் பயனில்லை, இதன் தாய் இரவில் விளக்குக்கு வரும் மஞ்சள் பூச்சி, அது இலை நுனியில் முட்டையிடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் முகம் மாறியது. அந்தப் பூச்சிகளை அவள் அடிப்பதே இல்லை. பெரியபாளையத்துப் பவானியம்மன்தான் மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள் என்று, அவை வருவதற்காகவே வாசலில் விளக்கைத் தூண்டி வைப்பாளாம். "பறக்கறது ஒரு சென்மம், ஊர்றது ஒரு சென்மம். சும்மா அம்மாளப் பத்திப் பேசாத" என்று எழுந்துவிட்டாள்.

புழு இருந்த தாள்களை வேரோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்து, துணியால் வாயைக் கட்டினேன். கோபம் இருந்தாலும் பஸ்ஸுக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஒரு காலை, தாளில் சிறு துளை. துணியின் உட்புறம் ஒரு மஞ்சள் பூச்சி, சிறகுக்கொரு கரும்புள்ளியோடு, அசையாமல் ஒட்டியிருந்தது. கன்னியம்மா வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தூக்கிய கை பாதியில் நின்றது. பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள்: "இனிமே அம்மாள நான் கோயில்லயே பாத்துக்கறேன்."

நுனி கிள்ளுதல்

அடுத்த போகத்துக்கு நாற்று விட்டாள். பிடுங்கி நடும்முன் நாற்றின் நுனியைக் கிள்ளி எரித்துவிடச் சொன்னேன், முட்டைகள் அங்கேதான் இருக்கும். நட்டபிறகும் வரப்பில் குனிந்தபடி இலை இலையாகப் பார்த்தாள். போகிற வருகிறவர்கள், "இன்னா கன்னிம்மா, பயிருக்குப் பேன் பாக்கிறியா?" என்று கேலி பேசினார்கள். அவள் தலையை நிமிர்த்தாமல், "ஆமா, உன் தலையவும் கொண்டா" என்பாளாம். அவளைப் பார்த்து இன்னும் சிலர் கிள்ளத் தொடங்கியதும் செய்தி நைனா காதுக்கு எட்டியது. அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்: "ஏம்மா, எல்லாரும் நகத்தாலயே கிள்ளிப்பாங்கன்னா, நான் இன்னாத்துக்கு இங்க கடை வெச்சிக்கினு குந்தியிருக்கேன்?"

கறுப்பு மீன்

மழைக்குப் பின் வரதனே வந்தார். வயல் தண்ணீரில் கறுப்பு மீன்குஞ்சுகள் மொய்க்கின்றன, வேரைத் தின்றுவிடும், மருந்து வேண்டும் என்றார். அவருக்கு மீன் பற்றித் தெரியாது, நெல்லைப் பற்றியும் அவ்வளவாகத் தெரியாது. அவை தலைப்பிரட்டைகள், கால் முளைத்து வால் உள்ளே கரைந்து தவளையாகும், விளக்குக்கு வரும் பூச்சியை அவைதான் தின்னும் என்றேன். நைனா மருந்து டப்பாவை எடுத்தே விட்டார். நான் பணம் போட முடியாதபடி கல்லாமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். வரதன் யோசித்தார். "தவளையாத்தான் ஆவும்னா நல்லதாப் போச்சு. அது கத்தற கத்துல தூக்கமே இல்ல, அதுக்கும் சேத்தே ஒரு மருந்தா குடு."

அன்று அவர் வெறுங்கையோடு திரும்பினார். நைனா டப்பாவை மறுபடி அலமாரியில் ஏற்றினார்.

அறுவடை

தை பிறந்ததும் வரதன் மறுபடி வந்து, எதுவும் கேட்காமல் மூட்டைமேல் உட்கார்ந்தார். யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். தரகரை அழைத்துக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். கன்னியம்மா அரிவாளோடு வரப்பில் நின்று, "மாமா, ஒரே ஒரு வெள்ளக் கதிரு காட்டு, இப்பவே கைநாட்டு வெக்கிறேன்" என்றாளாம். இரண்டு ஆண்களும் வயலைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்கள். நைனா டீ வரவழைத்துக் கொடுத்தார். வரதன் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் வெளஞ்சிட்ச்சு டீச்சரம்மா. ஒண்ணுகூட பொய்க்கல. இப்ப நான் அந்தாளுக்கு இன்னா பதில் சொல்றது?"

அந்தக் கடையில் நான் விற்ற மருந்து எந்தப் பூச்சியைக் கொன்றதோ எனக்குத் தெரியாது, விற்க மறுத்த நாட்களில் ஒரு வயல் பிழைத்துக்கொண்டது என்பதை மட்டும் நைனா கடைசிவரை மறக்கவில்லை.