மல்லிகா சித்தி இடித்த அடுப்புச் சுவர்

திருப்பதியிலிருந்து நான் வந்த பஸ் வடமாலபேட்டையைத் தாண்டும்போது தம்பி போன் செய்தான். "அக்கா, மல்லிகா சித்தி செத்துப் போச்சு. மாரடைப்பாம்."

நகரியில் சாவு வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோர் வாயிலும் ஒரே சொல்: பொறுமைசாலி. சித்தியை அறிந்தவர்களுக்கு நான் எழுதுவது அதனால்தான். சித்தி பொறுமைசாலி இல்லை.

சித்தியுடையது தறி வீடு. முன்னறையில் பவர்லூம், பின்னால் விறகு அடுப்பு. நான் காலேஜ் படித்த வருடங்களில் அங்கேதான் தங்கினேன். சித்தப்பா தன் சிநேகிதரான மேஸ்திரியைக் கொண்டு புது அடுப்பு கட்டி, சுவரைத் துளைத்து இரும்புப் புகைக்குழாய் வைத்தார். குழாய் கோணல். அடுப்பு மேடையெல்லாம் சிமெண்டு சொட்டிக் காய்ந்து கிடந்தது.

சித்தி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியாகச் சுரண்டினார். சில நாள் எரித்ததும் குழாயைச் சுற்றிப் பூச்சில் பழுப்புக் கறை தெரிந்தது. பஞ்சு கருகும் வாடை வந்தது. கத்தியால் குத்தினார். உள்ளிருந்து நூல் வந்தது. இடைவெளியில் தறிக்கழிவு நூலைத் திணித்து மேலே பூசியிருந்தார் மேஸ்திரி. எங்கள் ஊரில் சன்னல் சந்து, எலிப்பொந்து எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அடைப்பார்கள். நெருப்புக் குழாயைச் சுற்றியும் அதே பழக்கம். மேலே பரணில் நூல் மூட்டைகள். பரணுக்குக் கீழே என் பாய்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "உள்ள இருக்கறது எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது, தங்கச்சி? மேல வெள்ளை அடிச்சிடு."

"நெருப்புக்குத் தெரியும்ணா. பிரிங்க."

சித்தப்பா குறுக்கே வந்தார். "நம்ம மனுசன்மே. உட்டுடு. வெளிய என்னா பேசுவாங்க?"

"பேசிக்கினு போவட்டும். அதுங்கீழ பொண்ணு படுக்குது."

மேஸ்திரி சிரித்தார். "நீயே பிரிச்சுக்கோ. நீதான் பெரிய மேஸ்திரியாச்சே."

சித்தி கடப்பாரையை எடுத்தார். பூச்சை உடைத்து, கருகிய நூலைக் கொத்துக் கொத்தாக உருவி மேஸ்திரியின் காலடியில் போட்டார். செங்கல் துண்டும் களிமண்ணும் வைத்து ஓட்டையை அடைத்தார். ஓரங்களை ஈரத்துணியால் வழித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இனிமே தூங்கு." சித்தப்பா பல நாள் அவரோடு பேசவில்லை.

காரியத்தன்று சாமியானாக் கம்பு இடித்துக் குழாய் ஆட்டம் கண்டது. களிமண் உதிர்ந்தது. சமையலுக்கு அடுப்பு வேண்டும். "பூமாதேவி மாதிரி பொறுமை" என்று சித்தியைப் புகழ்ந்துகொண்டிருந்த அதே மேஸ்திரி எழுந்தார். தறிக்கடியில் குனிந்து ஒரு கை கழிவு நூலை அள்ளி வந்தார்.

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூசி அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடப்பவள். போய் ஓட்டைக்கு முன்னால் நின்றேன்.

"அதை வைக்காதீங்க மாமா."

"நவுரு பாப்பா. சாவு ஊட்டுல இன்னா பஞ்சாயத்து? சாயந்திரம் வரைக்கும் தாங்கினா போதும்."

"நான் களிமண்ணு பிசையறேன். அதுவரைக்கும் அடுப்பு எரியாது."

நான் நகரவில்லை. சித்தப்பா எழுந்து வந்து, மேஸ்திரி கையிலிருந்த நூலைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். சித்தி உயிரோடு இருந்தபோது அதைச் செய்திருக்கலாம்.

ஞாபகத்துக்குச் சித்தியின் புடவை ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சித்தியின் கோபம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பொறுமையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.