திருப்பியும் திரும்பாத நிழல்

தையற்கூடத்தில் எல்லோரும் அவளை 'அரையங்குலம்' என்றே அழைப்பர். எதையும் இருமுறை அளப்பாள். அரையங்குலம் பிசகினாலும் துணியில் கத்தரி வைக்கமாட்டாள். பேச்சிலும் அப்படியே. கூட்டியும் குறைத்தும் சொல்ல அறியாத அவள் வாயிலிருந்து வந்ததாலேயே, இது நடந்தது என்று உறுதியாக எழுத முடிகிறது.

கப்பல் வேலைக்குப் போன தம்பியிடமிருந்து பதினொரு மாதங்களாகத் தகவல் இல்லை. கப்பல் மூழ்கியது என்றார்கள். தப்பியவர்களும் உண்டு என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே தாயும் மகளும் நாள் தள்ளினார்கள். அவன் நிற்பதுபோல் ஒரு படம் வேண்டுமென்று அம்மா கேட்டதால், அவள் டேப்லெட்டில் உருவம் வரைய இணைய வகுப்பில் சேர்ந்தாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, துணிக்கடை வாசல்ல வைக்கிற அட்டை பொம்மை மாதிரி நிக்கிறான்?"

"இன்னும் நிழல் போடலம்மா. போட்டாத்தான் உடம்பு திரளும்."

"போடு, போடு. எம் புள்ள ஆளா நிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.10. அவளுக்கு இடப்புறம் சன்னல். படத்திலும் ஒளி இடப்புறமே என்று ஓர் அம்புக்குறி இட்டுக்கொண்டாள். தாடையின் கீழே, விலாவில், முழங்கை வளைவில் நிழலை மெல்லக் குழைத்தாள். தட்டையாகக் கிடந்த தம்பி திரண்டு எழுந்தான்.

4.25. பிழை தெரிய வேண்டுமானால் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அது வகுப்பில் கற்ற பாடம். திருப்பினாள். தம்பி திரும்பினான். அம்புக்குறி திரும்பியது. மார்பின்மேல் கிடந்த ஒரு நிழல் மட்டும்... திரும்பவில்லை.

மீண்டும் திருப்பினாள். அங்கேயே.

படத்தில் நிழல் மட்டும் வரைந்திருந்த தனி அடுக்கை மறைத்தாள். வண்ண அடுக்கை மறைத்தாள். கோடுகளையும் மறைத்தாள். வெறும் வெள்ளைத் திரை.

அதன்மேல் அந்த நிழல்.

தலை. தோள். நடுவே கழுத்தே இல்லை. காதுவரை ஏதோ தடித்திருந்தது. 'அளவு தப்பு' என்றே மனம் முதலில் சொன்னது.

பிறகுதான் உறைத்தது. அது படத்தில் இல்லை. சன்னலுக்கும் திரைக்கும் நடுவே...

சொட்.

பார்த்தாள். சன்னல் பக்கம் யாருமில்லை.

"அம்மா..."

"என்னடி?" சமையலறையிலிருந்து குரல்.

சொட்... சொட்...

நிழல் குனிந்தது.

4.31. நிழல் விலகி, திரை மீண்டும் வெளுத்தது.

நாற்காலியருகே தரை ஈரம். உப்பு வாடை.

வெள்ளிக்கிழமை கப்பல் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். தம்பியின் உடல் பத்து மாதங்களுக்கு முன்பே ஒரு கரையில் ஒதுங்கி, பேர் தெரியாமல் அங்கேயே புதைக்கப்பட்டிருந்தது.

"அவன்தான்னு எப்படிங்க தெரியும்?"

"மிதவைச் சட்டை நம்பர்மா. அதோட கழுத்துப் பட்டை காது வரைக்கும் ஏறி இறுகிடுச்சாம். கழட்ட முடியாம... அதோடயே புதைச்சிருக்காங்க."

அம்மா வந்து நின்றாள். "யாருடி? அவனப் பத்தியா?"

"இல்லம்மா. கடையிலேருந்து."

அம்மாவிடம் சொல்வதில்லை, படத்தை முடிப்பதுமில்லை, ஞாயிறுதோறும் நாலு மணிக்குச் சன்னலைத் திறந்து வைப்பது என்று அவள் முடிவு செய்தாள்.