மதியம் வராத போன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இன்றும் அதே கடைதான்.

கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்டரம்மா ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கரு தங்குவதற்கு முன்பிருந்தே போட்டு வரவேண்டும், தங்கினால் குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் நல்லது என்றார். மதியம் சாப்பிட்டதும் போடுவதென்று முடிவானது. ஆனால் என் மறதி ஊரறிந்த விஷயம். அதனால் ஞாபகப்படுத்தும் வேலையை என் மாமியார் எடுத்துக்கொண்டார்.

மாமியார் ரொம்ப வருஷம் அச்சகத்தில் மெஷின் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்தவர். காது மந்தம். தனக்குக் கேட்காதது உலகத்தில் யாருக்குமே கேட்காது என்பது அவர் நினைப்பு. நான் டிபன் பாக்ஸை மூடும் நேரத்துக்கு போன் வரும். "இன்னாம்மா, மாத்திரை போட்டியா?" என்று அவர் கத்துவது ஸ்பீக்கர் போடாமலே பக்கத்து கவுண்டர் வரைக்கும் போகும். "போட்டுட்டேன் அத்தை!" என்று நானும் கத்தினால்தான் அவருக்குக் காதில் விழும். மானமே போய்விடும். போன் அடித்தாலே, "ஏய், உன் மாத்திரை வந்துடுச்சுடி" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். நான் என்ன சின்னக் குழந்தையா என்று வீட்டில் சண்டைகூடப் போட்டேன். "உனுக்கு மறந்து பூடுதே, நா இன்னா பண்ணட்டும்?" என்பார். அசரவே மாட்டார்.

ஒருவழியாகக் குழந்தை தங்கியது. மாமியாரின் குரல் இன்னும் ஏறியது. இப்போது அந்தக் கத்தல் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் மாதம் தொடங்கும்போது கலைந்துவிட்டது.

ஒருநாள்கூட விடாமல் போட்டேனே, அப்புறம் ஏன் இப்படி என்று டாக்டரம்மாவிடம் அழுதேன். "மாத்திரையால எல்லாத்தையும் தடுக்க முடியாதும்மா. இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்றார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி முயற்சி செய்யலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்றும் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மாத்திரை அட்டை கைப்பையின் அடியில் போய்விட்டது. நான் தொடவே இல்லை. இனி குழந்தையும் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்று மனசு விட்டுப்போயிருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று சாப்பிட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. கூட வேலை செய்பவர்கள் அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். வளைகாப்புப் புடவை எடுக்க யாராவது வந்தால் என்னை வேறு பக்கம் அனுப்பிவிட்டு அவர்களே எடுத்துக் காட்டினார்கள். மாமியார் என்னை வெறுத்துவிட்டார், ராசியில்லாதவள் என்று கைகழுவிவிட்டார் என்றே நினைத்தேன். எந்தச் சத்தத்துக்கு எரிச்சல்பட்டேனோ, அது வராமல் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் எனக்கு விடுமுறை நாளில், மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தேன். சமையலறைப் பக்கம் மாமியார் என் கணவரிடம் ரகசியம் பேசும் சத்தம் கேட்டது. அவர் ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"அந்த நேரமானா கை தன்னால போனுக்குப் போவுதுடா. எடுத்துக்கினு சும்மா குந்திகினு கீறேன். மாத்திரை போட்டியான்னு எப்டிறா கேப்பேன்? அந்தப் பொண்ணுக்கு வயிறு எரியாதா?"

அதற்குமேல் அழுகைதான் கேட்டது. நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கலைந்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன்.

மறுநாள் கடையில் சாப்பிட்டு முடித்ததும் கைப்பையைத் துழாவி அந்த அட்டையை எடுத்தேன். ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு நானே மாமியாருக்கு போன் செய்தேன்.

"அத்தை! மாத்திரை போட்டுட்டேன் அத்தை!"

நான் கத்திய கத்தலில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மாமியார் குரலே எழாமல், "தண்ணி நெறையா குடிம்மா" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

இன்றுவரை குழந்தை வரவில்லை. மாத்திரையும் நிற்கவில்லை, போனும் நிற்கவில்லை. புதிதாகச் சேரும் பெண்கள் அந்தக் கத்தலைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அது வராத மதியங்கள் எப்படி இருந்தன என்பது எனக்குத்தானே தெரியும்.