கூடத்தில் ஆதிசேஷன்

என் கணவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். மீன்களைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். ஸ்ரீரங்கத்தில், வீட்டில், தன் அம்மாவுக்கு எதிரில் மூச்சு மட்டும்தான் விடுவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடிக் காற்றில் அந்தக் கல்லூரி லேபின் ஓடுகள் பறந்துவிட்டன. பழுது பார்த்து முடியும்வரை உப்புத்தண்ணீர் மீன்தொட்டியை யாராவது வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தகரம் தகரமாகக் கடல்தண்ணீரை ரயிலில் கொண்டுவந்து நிரப்பிய தொட்டி. மற்ற வாத்தியார்கள் எல்லோர் வீட்டுக்கும் அன்று பார்த்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். தொட்டி எங்கள் கூடத்துக்கு வந்தது.

"மீன் தொட்டியை யாராவது ஆத்துக்குள்ள கொண்டு வருவாளோடா?" என்று மாமியார் ஆரம்பித்தார். அதற்குள் தொட்டியின் கற்களுக்கு நடுவிலிருந்து ஒரு கடல் விலாங்கு தலையை நீட்டியது. பாம்பு மாதிரி நீண்ட, புள்ளி போட்ட உடம்பு. வாயைத் திறந்து திறந்து மூடியது. மாமியார் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார்.

"ஆதிசேஷன்னா இது! திருநாமம் சொல்லிண்டே இருக்கு பாரு!"

விலாங்கு ஒரு மீன், அது மூச்சு விடும் விதமே அப்படித்தான் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்கிறவர் என் கணவர். அன்றைக்கு அவரும் கைகூப்பினார். திட்டு நின்றதே, அது போதும் அவருக்கு.

விலாங்கின் வயிறு நிறைந்திருந்தால் கூட இருக்கும் சின்ன மீன்களைத் தொடாது என்பார் என் கணவர். அதனால் கல்லூரிப் பியூன் தினமும் மூடிய டப்பாவில் இறால் கொண்டுவருவார். மாமியாரிடம் அதற்குப் பெயர் மருந்து.

"ஆதிசேஷனுக்கு என்னடா உடம்பு?"

"ஜலதோஷம்மா."

எனக்கு அந்த விலாங்கு பிடிக்கவில்லை. சின்ன மீன்கள்தான் பிடித்தன. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு. நான் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தால் எல்லாம் சேர்ந்து கண்ணாடி ஓரத்துக்கு ஓடிவரும். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவை அவைதான். காலையில் எழுந்ததும் அவற்றில் ஏதாவது குறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்குப் பல் தேய்க்கவே தோன்றும்.

நாக சதுர்த்தி வந்தது. வழக்கமாகப் புற்றுக்குப் போகிற மாமிகள், அந்த வருஷம் பால் சொம்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். புற்றில் பாம்பு இருக்கிறதோ இல்லையோ, இங்கே கண்ணெதிரே இருக்கிறதே! 

"பால் விட்டா தண்ணி கெட்டுப்போயிடும்மா. மீனெல்லாம் செத்துப்போயிடும்" என்றேன் மாமியாரிடம்.

அவர் நியாயமானவர். மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ படிச்சவன். நீ சொல்லு. விடலாமா, கூடாதா?"

கூடம் முழுவதும் இவர் வாயையே பார்த்தது. நானும் பார்த்தேன். பால் கூடாது என்று சொன்னால் ஆதிசேஷனுக்குப் பால் ஆகாதா என்று கேட்பார்கள். பாம்பு இல்லை, மீன் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும்.

"கொஞ்சமா விடலாம்மா" என்றார் என் கணவர்.

ஆளுக்குக் கொஞ்சம்தான் விட்டார்கள். தெருவில் ஆட்கள் அதிகம். தொட்டி வெளுத்துப்போனது. "திருப்பாற்கடலேதான்!" என்று ஒரு மாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் தண்ணீரை மாற்றச் சொன்னேன். எந்தத் தண்ணீரை மாற்றுவது? காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, ஊரில் ஒரு குடம் கடல்தண்ணீர் கிடையாது. "ஏன்னா, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டேன். "அம்மா மனசு நோகும்" என்றார். எனக்காகவும் இந்த மனிதர் என்றைக்கும் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. 

மறுநாள் காலையில் மஞ்சள் மீன்கள் எல்லாம் மேலே மிதந்தன. விலாங்கு கல்லின்மேல் கிடந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

மாமியார் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "செவுள் இருக்கே. இது பாம்பு இல்லையாடீ?"

"இல்லைம்மா. மீன்."

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"பெருமாளே மீனா வந்தவர்தானேடா. மீன்னு சொன்னா ரெண்டு நாள் திட்டியிருப்பேன். நான் எதைத்தான் திட்டலை? திட்டிட்டு, அதுக்குப் பொரியும் போட்டிருப்பேன். இத்தனை உயிரை என் கையால கொல்ல வச்சுட்டியே!"

கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே என் கணவர் சட்டையைத் தேடினார். சட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.