கொப்பரைக் கிடங்கில் விழுந்த அடி

நாகர்கோவிலில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தபோது, பாழடைந்த கட்டடங்களைப் படம் பிடிப்பது எனக்குப் பித்து. எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டுப் போராட்டம் நடந்த சமயம், மார்த்தாண்டத்தில் கைவிடப்பட்ட கொப்பரைக் கிடங்கு ஒன்றில் நுழைந்தேன். தடியடியில் மண்டை உடைந்த ஒருவர் உள்ளே ஒளிந்திருந்தார்.

"படம் எடுக்காத மக்கா, மொகம் தெரிஞ்சா கொன்னுருவானுவ," என்றார்.

அதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் கதவை உதைத்துத் திறந்தார்கள். அவர் பின்சுவர் ஓட்டை வழியாக ஊர்ந்து வெளியேறினார். என்ன நினைத்தேனோ, ஓட்டையை மறைத்து நின்றுவிட்டேன்.

"மாறுலே!"

நான் நகரவில்லை. லத்தி மணிக்கட்டில் இறங்கியபோது எலும்பு முறியும் சத்தம் கேட்டது. விழுந்த என்னை மிதித்தார்கள். கேமராவைச் சுவரில் அடித்து நொறுக்கினார்கள். ஆனால் அவரைப் பிடிக்க முடியவில்லை. என் கை கோணலாகவே கூடியது. பிறகெல்லாம் இடது கையால்தான் படம் எடுத்தேன்.